‘எரர்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது: புரொடக்‌ஷன் லாகில் எங்கிருந்து தொடங்குவது?

பவானிக்கரை:

வணக்கம் நண்பர்களே. ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் அப்ளிகேஷன் ஒன்றை எங்கள் டீம் பார்த்துக்கொள்கிறது. ஜாவாவில் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், எல்லாம் குபர்நெட்டீஸில் கன்டெய்னர்களாக ஓடுகிறது. லாக் (சர்வர்கள் எழுதும் பதிவு வரிகள்) மொத்தமும் தேடல் தளமான எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போய்விடும், அதன் திரையான கிபானாவில் பார்ப்போம்.

கொஞ்ச நாளாக மாலை ஏழு மணிக்கு மேல் சில வாடிக்கையாளர்களுக்கு ‘மீண்டும் முயலவும்’ என்று வருகிறது. எல்லோருக்கும் இல்லை. பகலில் ஒன்றுமே இல்லை. டெஸ்ட் சர்வரில் எவ்வளவு முயன்றும் வரவழைக்க முடியவில்லை. சிபியு, மெமரி இரண்டும் அமைதியாக இருக்கின்றன. கிபானாவில் எரர் லெவலை மட்டும் வடிகட்டினால் ஒரு மணி நேரத்துக்கே ஆயிரக்கணக்கான வரிகள். அதில் பாதி எப்போதும் வந்துகொண்டிருப்பவை, யாரும் கண்டுகொள்வதில்லை. எது இந்தப் பிரச்சினையோடு சம்பந்தப்பட்டது என்று பிரிக்கவே தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

இரவுப்பணி:

‘எரர்’ என்று தேடுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பிடியுங்கள். புகார் சொன்னவரிடம் கேட்க வேண்டியவை: எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு பட்டனை அழுத்தினார், அழுத்திய பிறகு எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உடனே தோற்றது என்றால் தேட வேண்டிய இடம் வேறு. சுற்றிச் சுற்றித் தோற்றது என்றால் வேறு. அந்த நேரம் 20, 30, 60 விநாடி என்று முழு எண்ணாக வந்தால், எங்கோ ஒரு டைம்அவுட் அமைப்பு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அப்ளிகேஷன் லாகுக்கு உடனே போகாதீர்கள். முதலில் என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகில் அந்த ரிக்வெஸ்டைக் கண்டுபிடியுங்கள். அங்கே பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. என்ஜின்எக்ஸ் அந்த வரியை எழுதுவது ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான். ஆகவே வரியில் இருப்பது முடிந்த நேரம். எடுத்துக்கொண்ட நேரத்தை அதிலிருந்து கழித்தால்தான் தொடங்கிய நேரம் கிடைக்கும். அப்பாச்சியின் வழக்கமான ஆக்சஸ் லாக் இதற்கு நேர்மாறு, அதில் இருப்பது ரிக்வெஸ்ட் வந்துசேர்ந்த நேரம். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி வழி தவறுவார்கள்.

அப்புறம் நேர மண்டலம். கிபானா மாற்றாமல் விட்டால் உங்கள் பிரவுசரின் நேரத்தில் காட்டும். கன்டெய்னருக்குள் எழுதப்படும் மூல வரி பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். வாடிக்கையாளர் சொல்லும் மாலை 7:42 மூல வரியில் 14:12. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கவனிக்காமல் மதிய நேரத்து லாகில் தேடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருப்பட்டி:

இரவுப்பணி அண்ணா சொல்வது சரி, ஆனால் புகார் சொன்ன ஆள் கையில் கிடைத்தால்தான் அது நடக்கும். பல நேரம் ‘சிலருக்கு வரவில்லையாம்’ என்பதற்கு மேல் ஒரு தகவலும் வராது. எனக்கு அப்போது கைகொடுப்பது எண்ணிப் பார்ப்பது.

லாக் கோப்பை எடுத்து, செட் (sed) கமாண்டால் எண்கள் எல்லாவற்றையும் ஒரே குறியாக மாற்றிவிடுவேன். ஆர்டர் எண், விநாடி, ஐபி எல்லாம் போய் வரியின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். பிறகு வரிசைப்படுத்த சார்ட் (sort), அப்புறம் எண்ணிப் பார்க்க யூனிக் (uniq) கமாண்டோடு மைனஸ் சி, மறுபடி சார்ட். எந்த வகை வரி எத்தனை தடவை வந்தது என்று ஒரு பட்டியல் கிடைத்துவிடும். இதையே பிரச்சினை இல்லாத நாளின் அதே ஒரு மணி நேரத்துக்கும் செய்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் வரும் ஆயிரம் எரர்கள் இரண்டிலும் இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். இன்றைக்கு மட்டும் இருப்பது எது, அன்றைக்கு இருந்து இன்றைக்குக் காணாமல் போனது எது? இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். வராத வரியை எந்தத் தேடல் பெட்டியும் தானாகக் காட்டாது.

வரிகளில் தேடும் கமாண்டான கிரெப் 1973-ல் யூனிக்ஸின் நான்காம் பதிப்போடு வந்தது. இன்றைக்கும் என் வேலையில் பாதி அதில்தான் முடிகிறது. புதிதாகப் பழகுபவர்களுக்குச் சில குறிப்பு: ஐபி மாதிரி புள்ளி உள்ள எதையும் தேடும்போது பெரிய எஃப் ஆப்ஷன் போடுங்கள். இல்லாவிட்டால் புள்ளி ‘எந்த எழுத்தும்’ என்று பொருள்படும். சுழற்சியில் சுருக்கி வைத்த பழைய கோப்புக்கு இசட்கிரெப். ஓடிக்கொண்டிருக்கும் லாகைப் பார்க்க டெயில் கமாண்டோடு சின்ன எஃப் வேண்டாம், பெரிய எஃப் போடுங்கள். நள்ளிரவில் கோப்பு மாறினாலும் புதியதைத் தொடரும்.

பவானிக்கரை:

இருவருக்கும் நன்றி. புகார் சொன்ன ஒருவரிடம் பேசினேன். மாலை 7:42 வாக்கில் அழுத்தினாராம், ‘கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு’ செய்தி வந்ததாம். என்ஜின்எக்ஸ் லாகில் அந்த நிமிடத்தில் 500 வகை (சர்வர் பக்கத் தோல்வி) ஒன்றையும் அவர் பெயரில் காணவில்லை. ஆனால் 499 என்று ஒரு வரி இருக்கிறது: 14:12:25, எடுத்த நேரம் 20 விநாடி. இதுவா?

அந்த வரியில் இருந்த ரிக்வெஸ்ட் ஐடியைக் கிபானாவில் போட்டுத் தேடினால் பல ஆயிரம் வரிகள் வருகின்றன. ஐடி தனித்தன்மை உடையதுதானே? எப்படி இத்தனை?

இரவுப்பணி:

அதுதான். 499 என்பது என்ஜின்எக்ஸ் தானே வைத்துக்கொண்ட எண். பதில் போவதற்குள் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். உங்கள் மொபைல் ஆப்பில் 20 விநாடி டைம்அவுட் வைத்திருக்கிறீர்கள், சரியா? ஆப் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. அதனால்தான் 5-இல் தொடங்கும் எண்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி 499-ஐயும் எண்ணுங்கள். அந்த ரிக்வெஸ்ட் உண்மையில் தொடங்கியது 14:12:05-க்கு, அதாவது நம் நேரம் 7:42:05.

கிபானா கேள்விக்கு வேறு யாராவது விளக்குங்கள்.

சல்லடை:

நான் சொல்கிறேன். எலாஸ்டிக்சர்ச்சில் ‘டெக்ஸ்ட்’ வகைப் புலத்தில் விழும் எதுவும் சொல்சொல்லாக உடைக்கப்பட்டுத்தான் அட்டவணைக்குப் போகும். வழக்கமான உடைப்பான் இடைக்கோடு வந்த இடத்தில் வெட்டும். உங்கள் ஐடி நான்கு இடைக்கோடு உள்ள யுயுஐடி (நீளமான தனி அடையாள எண்) என்றால் அது ஐந்து துண்டாகிவிடும். மேற்கோள்குறி இல்லாமல் தேடினால் அந்த ஐந்தில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் வரி வந்துவிடும். யுயுஐடியின் நடுத் துண்டுகள் நான்கு எழுத்துதான், அவை தற்செயலாக மற்ற ஐடிகளிலும் இருக்கும்.

இப்போதைக்கு ஐடியை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், துண்டுகள் அதே வரிசையில் சேர்ந்து வந்தால்தான் காட்டும். நிரந்தரத் தீர்வு, ரிக்வெஸ்ட் ஐடியைச் செய்திக்குள் ஒட்டாமல் தனிப் புலமாக அனுப்பி, அதை ‘கீவேர்ட்’ வகையாக வைப்பது. உடைக்கப்படாது, முழுதாகப் பொருந்தும்.

இன்னொரு பொறி. மேப்பிங் (எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை) எழுதாமல் எலாஸ்டிக்சர்ச்சே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், உரைக்குக் கூடவே ஒரு கீவேர்ட் துணைப்புலம் உருவாக்கும், ஆனால் 256 எழுத்துக்கு மேற்பட்டவை அதில் சேராது. நீளமான யுஆர்எல்லை அந்தத் துணைப்புலத்தில் தேடி ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். தகவல் உள்ளே இருக்கும், அந்த வழியில் தேடினால் மட்டும் அகப்படாது.

பொன்னிநாடன்:

நாங்கள் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து கிராஃபானா லோக்கிக்கு மாறிவிட்டோம். அது லேபிள்களை மட்டும் அட்டவணைப்படுத்தும், வரியின் உள்ளடக்கத்தை கிரெப் மாதிரி ஓடித் தேடும். செலவு குறைவு. இந்த உடைப்பான் தொல்லையும் இல்லை. ரிக்வெஸ்ட் ஐடியை லேபிளாக மட்டும் வைத்துவிடக் கூடாது, ஒவ்வொரு ஐடிக்கும் ஒரு தனி ஓடை உருவாகி மொத்தமும் திணறிப்போகும்.

பவானிக்கரை:

சல்லடை சார், மேற்கோள் போட்டதும் நான்கே வரிகள். அப்படியே தருகிறேன் (நம் நேரத்தில்):

7:42:05 இன்ஃபோ – ஆர்டர் பெறப்பட்டது
7:42:05 இன்ஃபோ – கூடை சரிபார்ப்பு முடிந்தது
7:42:35 எரர் – டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிவிநாடி காத்தும் பயனில்லை
7:42:35 எரர் – ஆர்டர் பதிவு தோல்வி

கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் தொகுப்பு) ஹிகாரி. அளவை நாங்கள் மாற்றியதில்லை, அதனால் 10 இருக்கும். சீனியர் 50 ஆக்கிவிடலாம் என்கிறார். செய்துவிடட்டுமா?

இரவுப்பணி:

கொஞ்சம் பொறுங்கள்.

இந்த நான்கு வரியையும் நிதானமாகப் படியுங்கள். 7:42:05-க்கும் 7:42:35-க்கும் நடுவில் 30 விநாடி இடைவெளி. வாடிக்கையாளர் 7:42:25-க்கே போய்விட்டார். எரர் வரி எழுதப்பட்டது அவர் போன பத்து விநாடி கழித்து. அதாவது எரரின் நேரத்தை வைத்து அக்கம்பக்கம் தேடினால் நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்து நிற்கிறீர்கள். தேட வேண்டியது 7:42:05-க்கு முன்னால். அந்த நொடியில் பூலில் இருந்த பத்து கனெக்‌ஷனும் யார் கையில் இருந்தன?

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கனெக்‌ஷன் கிடைக்காத ரிக்வெஸ்ட் பாதிக்கப்பட்ட தரப்பு. அது எரர் எழுதுகிறது. கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருந்த ரிக்வெஸ்ட் தன் வேலையை வெற்றிகரமாக முடித்து, 200 பதில் கொடுத்து, இன்ஃபோ லெவலில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். எரர் மட்டும் என்று வடிகட்டிய அந்த நிமிடமே அதைத் திரையிலிருந்து நீக்கிவிட்டீர்கள். ஆயிரம் எரரைப் படித்தும் காரணம் தென்படாததற்கு இதுதான் காரணம்.

இப்போது வடிகட்டியைத் திருப்பிப் போடுங்கள். லெவல் எதுவும் வேண்டாம். 7:42:05-லிருந்து 7:42:35 வரை முடிந்தவை (இந்த லாகில் இருப்பது முடிந்த நேரம்), பதில் 200, ஆனால் எடுத்த நேரம் 5 விநாடிக்கு மேல். என்ஜின்எக்ஸ் லாகில் இந்த மூன்று நிபந்தனை போதும். அகப்படும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட் ஐடியையும் எடுத்து, அதன் வரிகளில் பெரிய இடைவெளி எந்த இரண்டு வரிக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள்.

கூடவே ஹிகாரியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டு என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக அணைத்தே இருக்கும். 5000 மில்லிவிநாடி என்று வையுங்கள். கனெக்‌ஷனை அதற்கு மேல் வைத்திருக்கும் த்ரெட் அதை எங்கே வாங்கியது என்று ஸ்டாக் டிரேஸோடு (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற பட்டியல்) எச்சரிக்கை எழுதும்.

வெள்ளோட்டம்:

இதற்கெல்லாம் இவ்வளவு துப்பறிதல் எதற்கு? டீபக் லெவலைத் திறந்துவிட்டு, வரும் ரிக்வெஸ்ட் பாடி, போகும் ரெஸ்பான்ஸ் பாடி முழுவதையும் லாகில் எழுதிவிட்டால் எல்லாமே தெரிந்துவிடும். டிஸ்க் இப்போது மலிவுதான்.

சல்லடை:

டிஸ்க் மலிவாக இருக்கலாம், ஆனால் பாடி முழுவதையும் எழுதுவதை வன்மையாக மறுக்கிறேன். அதில் கடவுச்சொல் இருக்கும், ஓடிபி இருக்கும், முகவரி, தொலைபேசி எண் இருக்கும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது நினைவிருக்கும். ஹாஷ் செய்து மறைக்கும் முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். ஊடுருவல் எதுவும் நடந்ததற்கான அடையாளம் இல்லை, லாக் வரி ஒன்றே அத்தனை பெரிய அறிவிப்புக்குப் போதுமானதாக இருந்தது. கார்டின் சிவிவி எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு எங்குமே வைத்திருக்கக் கூடாது என்கிறது கார்டு பாதுகாப்புக்கான பிசிஐ விதி, லாகும் அதில் அடக்கம்.

இந்தியாவில் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவுப்படி சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு அவசரத்தில் எழுதும் ஒரு ஓடிபி வரி அத்தனை நாளும் தேடக்கூடிய இடத்தில், டீமில் உள்ள எல்லோர் கண்ணுக்கும் எட்டும் தூரத்தில் கிடக்கும்.

டீபக் வேண்டுமானால் முழு அப்ளிகேஷனுக்கும் திறக்கத் தேவையில்லை. ஸ்பிரிங் பூட்டின் நிர்வாக வசதியான ஆக்சுவேட்டரில் லாகர்ஸ் என்ற எண்ட்பாயின்ட் வழியாக ஒரே ஒரு பேக்கேஜின் லெவலை, ரீஸ்டார்ட் செய்யாமலே மாற்றலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடலாம். ரீஸ்டார்ட் செய்தால் பிடிபட்ட நிலைமையே கலைந்துபோகும் என்பதால் எனக்கு இது பெரிய வசதி. அந்த எண்ட்பாயின்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளோட்டம்:

பாடி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஒரு பேக்கேஜுக்கு மட்டும் லெவல் மாற்றலாம் என்பது எனக்குப் புதிது, இன்றே பார்க்கிறேன்.

கருப்பட்டி:

ஜாவாக்காரர்கள் இருப்பதால் ஒரு இடைச்செருகல். லாகில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்று ஒற்றை வரி மட்டும் இருந்து, கீழே ஸ்டாக் டிரேஸே இல்லாமல் பார்த்திருக்கிறீர்களா? லாக் அமைப்பில் பிழை என்று பலர் அதைத் தோண்டுவார்கள். ஒரே இடத்தில் அதே எக்ஸெப்ஷன் திரும்பத் திரும்ப எழுந்தால், ஹாட்ஸ்பாட் கம்பைலர் வேகத்துக்காக டிரேஸ் இல்லாத எக்ஸெப்ஷன் ஒன்றையே தூக்கிப் போட ஆரம்பித்துவிடும். ஆகவே காலத்தில் பின்னோக்கிப் போங்கள். அந்த பாட் (குபர்நெட்டீஸில் ஓடும் ஒரு பிரதி) தொடங்கியதிலிருந்து தேடி முதல் முறை வந்த வரியைப் பிடித்தால் அங்கே முழு டிரேஸ் இருக்கும். ‘ஓமிட் ஸ்டாக் டிரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோ’ என்ற ஜேவிஎம் ஆப்ஷனை அணைத்துவிட்டால் இது நடக்காது.

அதே மாதிரி குபர்நெட்டீஸில் லேபிள் கொடுத்து கியூப்சிடிஎல் லாக்ஸ் ஓட்டினால், வேறு எதுவும் சொல்லாதபோது ஒவ்வொன்றிலும் கடைசி 10 வரிதான் வரும். அதைப் பார்த்துவிட்டு ‘லாகில் ஒன்றும் இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. பாட் செத்து மறுபடி எழுந்திருந்தால் ‘பிரீவியஸ்’ சேர்த்துப் பாருங்கள். எக்ஸிட் எண் 137 என்றால் அநேகமாக மெமரி போதாமல் கெர்னல் கொன்றிருக்கும். அப்போது அப்ளிகேஷன் லாக் பாதி வாக்கியத்தோடுகூட நின்றிருக்கும், அதற்குள் காரணம் தேடிப் பயனில்லை.

பவானிக்கரை:

கிடைத்துவிட்டது!

இரவுப்பணி அண்ணா சொன்ன மாதிரி 200, ஐந்து விநாடிக்கு மேல் என்று போட்டதும் அந்த அரை நிமிடத்தில் வரிசையாக வந்தன. எல்லாமே வெற்றியான ஆர்டர்கள். ஒன்றைத் திறந்தால்:

7:41:58 இன்ஃபோ – ஆர்டர் பதிவானது
7:41:58 இன்ஃபோ – எஸ்எம்எஸ் அனுப்பத் தொடக்கம்
7:42:13 இன்ஃபோ – எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது

நடுவில் 15 விநாடி. மற்றவற்றிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே இடைவெளி. சில ஆர்டர்கள் 20 விநாடியைத் தாண்டியதால் ஆப் மூடிவிட்டு, ஆர்டர் மட்டும் பதிவாகி, வாடிக்கையாளர் மறுபடி அழுத்தி இரண்டு ஆர்டர் விழுந்திருக்கிறது. அந்தப் புகார் வேறு டிக்கெட்டாக வேறு ஒருவரிடம் இருந்தது, இரண்டும் ஒன்றென்று இப்போதுதான் தெரிகிறது.

லீக் எச்சரிக்கையின் ஸ்டாக் டிரேஸும் அதே மெத்தடைக் காட்டியது. ஆர்டர் பதியும் மெத்தட் முழுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கிறது, அதற்குள்ளேயே எஸ்எம்எஸ் அனுப்பும் எச்டிடிபி அழைப்பும் இருக்கிறது. எஸ்எம்எஸ் சேவை மாலையில் மெதுவாகிறது. அது பதில் தரும்வரை டேட்டாபேஸ் கனெக்‌ஷன் சும்மா கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு வேலையே இல்லை, அதனால்தான் சிபியு அமைதியாக இருந்திருக்கிறது.

இரவுப்பணி:

நல்ல வேலை. பூலை 50 ஆக்கும் யோசனைக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரு ஆர்டர் கனெக்‌ஷனை 15 விநாடி வைத்திருந்தால், பத்து கனெக்‌ஷனில் நிமிடத்துக்கு 40 ஆர்டர்தான் போகும். அதற்கு மேல் வந்ததெல்லாம் வரிசையில் நிற்கும். 50 ஆக்கினால் 200 போகும், எஸ்எம்எஸ் சேவை இன்னும் மெதுவானால் அதுவும் நிரம்பும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி பிராசஸ், பாட் எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுப்பதுதான் வழி, எச்டிடிபி அழைப்புக்கு இரண்டு மூன்று விநாடி டைம்அவுட்டும் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கில் ‘கமிட்டுக்குப் பிறகு’ ஓடும் ஈவண்ட் லிசனரில் போட்டால் போதும் என்று பலர் நினைப்பார்கள். கமிட் முடிந்திருக்கும், ஆனால் அந்த லிசனர் ஓடி முடியும்வரை கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பாது. அதை அசிங்க் ஆக்கி வேறு த்ரெட்டுக்குத் தள்ளினால்தான் பயன்.

பவானிக்கரை:

அப்படியே செய்து ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதிக்கும் சூழல்) போட்டுவிட்டோம். எஸ்எம்எஸ்ஸை வேண்டுமென்றே 25 விநாடி தாமதப்படுத்திப் பார்த்தோம், ஆர்டர் உடனே முடிகிறது. ஆனால் இப்போது ரிக்வெஸ்ட் ஐடியை வைத்துத் தேடினால் எஸ்எம்எஸ் வரிகள் மட்டும் வருவதில்லை. வரிகள் எலாஸ்டிக்சர்ச்சில் இருக்கின்றன, அந்தப் புலம் காலியாக இருக்கிறது.

சல்லடை:

ரிக்வெஸ்ட் ஐடியை எம்டிசியில் (ஒவ்வொரு லாக் வரியோடும் தானாகச் சேர வேண்டியதை வைக்கும் இடம்) வைத்திருப்பீர்கள். அது த்ரெட்டோடு ஒட்டியது, வேறு த்ரெட்டுக்குத் தானாகப் போகாது. டாஸ்க் டெக்கரேட்டர் ஒன்று எழுதி, வேலையை ஒப்படைக்கும் நேரத்தில் எம்டிசியின் நகலை எடுத்து, புதிய த்ரெட்டில் ஓடும் முன் வைத்து, முடிந்ததும் கட்டாயம் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பூலில் உள்ள அந்த த்ரெட் அடுத்த ஆர்டரின் வரிகளிலும் பழைய ஐடியையே எழுதும். காலியாக இருப்பதைவிட அது மோசம், ஏனென்றால் தேடுபவர் அதை நம்பிவிடுவார்.

அப்படியே எஸ்எம்எஸ் முடிந்த வரியில் எத்தனை மில்லிவிநாடி ஆனது என்பதை எண் வகைப் புலமாகச் சேர்த்துவிடுங்கள். ‘3000-க்கு மேல்’ என்று ஒரே நிபந்தனையில் வடிகட்டலாம், இரண்டு வரியின் நேரத்தைக் கழித்துப் பார்க்கத் தேவையிருக்காது.

பவானிக்கரை:

இரண்டையும் சேர்த்துவிட்டோம், ஐடி சரியாக வருகிறது. இரட்டை ஆர்டர் டிக்கெட்டை வைத்திருப்பவருக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். ஏற்கெனவே விழுந்த இரட்டை ஆர்டர்களை, அதே கணக்கில் 499 வந்த சில நிமிடத்துக்குள் இன்னொரு ஆர்டர் என்ற நிபந்தனையில் பட்டியல் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.